மாணவர் கையில் ஒரு தொலைக்காட்சி நிலையம்

தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைக்கும் என்னைப் போன்றவர்களைக் கண்டால் பெற்றோர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மகளுக்கு மீடியாவில் ஆர்வம். எந்தப் படிப்பில் சேர்த்துவிடலாம்?" நானும் மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளமோ முடித்து இந்தத் துறைக்கு வந்தவள்தான். ஆகவே படிப்பின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. அந்தக் கல்விக்கூடத்தில் மாணவர்களே பொறுப்பேற்று நடத்தும் நிலையம் ஏதாவது இருக்கிறதா?

இது ஏன் முக்கியமான கேள்வி என்பதை வரலாற்றின் துணையோடு சொல்ல விரும்புகிறேன். தஞ்சோங் பகாரில் கூடியிருக்கும் நமக்கு அந்த வரலாற்றில் ஒரு பங்கும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நிலையமே பள்ளிக்கூடமாக இருந்த காலம்

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி மாலை சிங்கப்பூரில் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு நடந்தது. அன்றைய சோதனை ஒளிபரப்பு மொத்தம் 94 நிமிடங்கள். கலாசார அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்தினம் அதைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி முறையான சேவை ஆரம்பமானது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் அந்தச் சேவையில் இடம்பெற்றன. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காகச் சமூக மன்றங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதிகளில் பல குடும்பங்கள் முதன்முதலில் தொலைக்காட்சி பார்த்தது சமூக மன்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்று கேமராவைப் பிடித்தவர், விளக்கைத் திருப்பியவர், செய்தி வாசித்தவர், கட்டுப்பாட்டு அறையில் பொத்தானை அழுத்தியவர் எல்லாரும் எங்கே படித்துவிட்டு வந்தார்கள்? இந்த ஊரில் ஊடகக் கல்லூரியே கிடையாது. வானொலி அனுபவம் இருந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். மற்றவர்கள் செய்து செய்து கற்றுக்கொண்டார்கள். நிலையம் முழுவதுமே ஒரு பயிற்சிக்கூடம் என்றால் மிகையாகாது.

அந்தத் தலைமுறையின் பெரிய பெயர்களும் அப்படி வந்தவைதாம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த ராஜரத்தினம் சட்டம் படிக்க லண்டன் போனவர். பத்திரிகைத் தொழிலை எழுதி எழுதியே கற்றவர். பின்னாளில் நாட்டின் அதிபரான வீ கிம் வீ, 1930இல் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழின் விநியோகப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அங்கிருந்து நிருபராகி, 1966இல் ஜகார்த்தா சென்று சுகார்த்தோவைப் பேட்டி எடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். 1984இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகத்தின் தலைவரானார். அவருக்குக் கற்றுக்கொடுத்தது செய்தி அறைதான்.

புதிய தொழில் ஒன்று தொடங்கும்போது தெரியாதவர்களையும் உள்ளே விட்டே ஆக வேண்டும். தொழில் வளர்ந்த பிறகு அந்தக் கதவு மெல்ல மெல்லச் சாத்திக்கொள்கிறது. விளம்பரதாரர் இருக்கிறார், போட்டி இருக்கிறது, ஒரு நிமிடம் திரை கறுப்பானாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "தெரிந்துகொண்டு வா" என்று சொல்லும் நிலைக்கு நிலையங்கள் வந்துவிடுகின்றன. எங்கே போய்த் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் கண்ட விடைதான் மாணவர் தொலைக்காட்சி.

கிளாஸ்கோவில் ஒரு தொடக்கம்

சிங்கப்பூர்த் தொலைக்காட்சி தொடங்கிய மறு ஆண்டு, அதாவது 1964இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். 'கஸ்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நிலையம்தான் பிரிட்டனின் மிகப் பழமையான மாணவர் தொலைக்காட்சி. 1967இல் யார்க் பல்கலைக்கழகத்திலும் ஒன்று பிறந்தது. அமெரிக்காவில் இதற்கும் முன்பே, 1958இல், நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா கல்லூரியில் ஒரு நிலையம் தொடங்கியிருந்தது. அதே மாநிலத்தின் சிராக்யூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 1970இல் தங்கள் நிலையத்தை உருவாக்கினார்கள்.

அந்தக் காலத்தில் இது சாதாரணக் காரியமில்லை. 1956இல் வெளிவந்த முதல் ஒளிப்பதிவு நாடா இயந்திரத்தின் விலை பல பத்தாயிரம் அமெரிக்க டாலர்; அளவோ அலமாரி போல இருக்கும். மாணவர் சங்கத்தின் பணப்பெட்டிக்கு அது எட்டாக்கனி. 1967இல் சோனி நிறுவனம் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய 'போர்ட்டாபேக்' பதிவுக் கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் சிறிய குழுக்களுக்கும் வீடியோ கைகூடியது.

கருவி கைகூடியது ஒரு பக்கம். அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இத்தகைய நிலையத்தில் தலைவரையும் பொறுப்பாளர்களையும் மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். என்ன ஒளிபரப்புவது, பணத்தை எதற்குச் செலவழிப்பது, இரவில் யார் காவல் இருப்பது எல்லாம் அவர்கள் முடிவு. பொறியியல் மாணவர் மின்கம்பிகளைக் கவனிப்பார். இலக்கிய மாணவர் கதை வசனம் எழுதுவார். மருத்துவ மாணவர் செய்தி வாசிப்பார். வகுப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமில்லை. 'டாக்டர் ஹூ', 'ஷெர்லாக்' தொடர்களின் வழியாக உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபட், கிளாஸ்கோவில் படித்த நாட்களில் அந்த மாணவர் நிலையத்தில் ஈடுபட்டவர். அவர் அங்கே படித்தது ஆங்கில இலக்கியம்.

கட்டுப்பாட்டு அறை கற்றுத்தருவது

வகுப்பில் கற்க முடியாத எதை இந்த நிலையங்கள் கற்றுத்தருகின்றன என்று கேட்கலாம். ஒரு பத்து நிமிடச் செய்தித் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். திரையில் தெரிவது ஒரு முகம். அதன் பின்னால் செய்தி எழுதியவர், சரிபார்த்தவர், படம் வெட்டி ஒட்டியவர், ஒலியைக் கவனிப்பவர், கேமராக்காரர், விரலை மடக்கி மடக்கி மீதி விநாடிகளைக் காட்டும் ஃபுளோர் மேனேஜர், எந்தக் காட்சி எப்போது என்று உத்தரவிடும் இயக்குநர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒருவர் தாமதித்தால் அத்தனை பேரும் தடுமாறுவார்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான். பதினோராவது நிமிடம் வேறொருவருக்குச் சொந்தம்.

வகுப்பில் ஒப்படைப்பு தாமதமானால் மதிப்பெண் குறையும். அது அந்த ஒரு மாணவரோடு போகும். நிலையத்தில் தாமதமானால் மற்றவர்களின் உழைப்பு வீணாகும். பெயரைத் தவறாக உச்சரித்தால் அந்தப் பெயருக்குரியவர் மறுநாள் உணவகத்தில் எதிரே வந்து நிற்பார். இந்தப் பயமும் பொறுப்பும்தான் பயிற்சி. எங்கள் தொழிலில் காதுக்குள் ஒரு குரல் "இருபது விநாடி" என்று சொல்லிக்கொண்டிருக்கும். வாய் வேறொன்றைப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். முகம் எதையும் காட்டக்கூடாது. இதைப் புத்தகம் படித்து யாரும் கற்றதில்லை.

தமிழகம் தந்த இரண்டு பாடங்கள்

நம் மொழி உலகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1986இல் வெளிவந்த 'ஊமை விழிகள்' படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து எடுத்த படம் அது. ஆபாவாணன் தயாரித்து எழுத, அரவிந்தராஜ் இயக்கினார். ஒளிப்பதிவாளர் ரமேஷ்குமாரும் அதே கல்லூரியில் பயின்றவர். அதுவரை திரைப்படக் கல்லூரி மாணவர்கள் என்றால் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்த தமிழ்த் திரையுலகம் அந்த வெற்றியைக் கண்டு திரும்பிப் பார்த்தது. கல்லூரியில் சேர்ந்து வேலை செய்த குழு அப்படியே வெளியே வந்து சேர்ந்து வேலை செய்தது. அதுதான் அந்த வெற்றியின் சூட்சுமம் என்பேன். மாணவர் நிலையங்கள் உருவாக்குவதும் இத்தகைய குழுக்களைத்தான்.

இரண்டாவது பாடம் வேறு விதமானது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி தூர்தர்ஷனில் 'நாடு தழுவிய வகுப்பறை' என்ற கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியது. பல பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஒளிப்பதிவு மையங்கள் ஏற்பட்டன. நல்ல திட்டம்தான். கிராமத்துக் கல்லூரி மாணவருக்கும் சிறந்த பேராசிரியரின் பாடம் கிடைத்தது. ஆனால் அதில் மாணவரின் இடம் திரைக்கு இந்தப் பக்கம், பார்வையாளராக.

அந்த இடம் மாறியது வானொலி வழியாக. கல்வி நிறுவனங்கள் சமூக வானொலி நடத்தலாம் என்று இந்திய அரசு 2002 இறுதியில் அனுமதித்தது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி அது. 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பல்கலைக்கழகத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தூரத்துக்கு மட்டுமே கேட்கும். ஆனால் அந்தச் சுற்றுவட்டத்தில் குடிசைவாழ் மக்களும் இருந்தார்கள். மாணவர் நிகழ்ச்சி செய்தால் கேட்பவர் பேராசிரியர் மட்டுமல்லர். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் அம்மாவும் கேட்பார். அவருக்குப் புரிய வேண்டும். 'மக்கள் தொடர்பு' என்ற சொல்லில் மக்கள் இருக்கிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் கற்பிக்க முடியாது.

நம் ஊரில் நடந்தது

சிங்கப்பூரில் ஊடகக் கல்வி முறையாக வேரூன்றியது 1980களின் இறுதியில். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி 1989இல் மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளமோவைத் தொடங்கியது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1992இல் தொடர்பியல் பள்ளியை ஏற்படுத்தியது. 2006இல் அந்தப் பள்ளிக்கு வீ கிம் வீயின் பெயர் சூட்டப்பட்டது. குமாஸ்தாவாகத் தொடங்கி வேலையிலேயே தொழில் கற்ற ஒருவரின் பெயர் ஊடகப் பள்ளியின் வாசலில் இருப்பது பொருள் பொதிந்தது.

அங்கே மாணவர்கள் நடத்தும் 'நன்யாங் குரோனிக்கல்' செய்தித்தாள் 1990களிலேயே தொடங்கிவிட்டது. வளாக வானொலியும் ஒளிபரப்பும் பல கல்விக்கூடங்களில் பின்தொடர்ந்தன. இன்று நம் தொலைக்காட்சி, வானொலி நிலையங்களின் பல அறைகளில் இவற்றில் பயிற்சி பெற்றவர்கள் வேலை செய்கிறார்கள்.

ஆனால் 'மாணவர் நடத்தும்' என்ற இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்பதும் இங்கே சோதனைக்கு வந்தது. 2008இல் எதிர்க்கட்சித் தலைவர் சீ சூன் ஜுவான் அழைப்பின்றி வளாகத்துக்கு வந்துபோனதைப் பற்றி 'குரோனிக்கல்' மாணவர்கள் எழுதிய செய்தியை வெளியிட வேண்டாம் என்று பல்கலைக்கழக நிர்வாகம் முடிவெடுத்தது. மாணவர்கள் சிலர் அதை எதிர்த்துப் பேசினார்கள். நிர்வாகத்தின் பணத்தில் நடக்கும் இதழில் நிர்வாகத்துக்கே இறுதிச் சொல் என்பது ஒரு வாதம். முடிவெடுக்கும் உரிமை இல்லாதவர் பொறுப்பை எப்படிக் கற்பார் என்பது மற்றொரு வாதம். உலகின் எந்த மாணவர் நிலையமும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருந்ததில்லை. என் கருத்து இதுதான்: அவதூறும் ஆபத்தும் இல்லாதவரை முடிவு மாணவர்களிடம் இருக்கட்டும். நீச்சல் பழகுகிறவருக்குக் கரையில் ஒரு காவலர் வேண்டும். அவர் எப்போதும் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை நீந்தாது.

தமிழுக்கு இருந்த நாற்றங்கால்

இப்போது தஞ்சோங் பகாருக்கு வருகிறேன். 1946இல் இந்த வட்டாரத்தில் கடையநல்லூர் முஸ்லிம் சமூகத்தினர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி அது. பின்னர் சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாகவும் அது வளர்ந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் மூடப்பட்டது.

அந்தப் பள்ளி செழித்திருந்த 1950களில் தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு பள்ளியும் இருந்தது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ் மாணவர்களின் எழுத்துக்கென்றே 'மாணவர் மணிமன்ற மலர்' வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் கதை, கவிதை, கட்டுரை எழுதி அனுப்பினார்கள். அச்சில் பெயர் வந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் அறியப்பட்ட பலர் அந்தப் பக்கங்களில் பழகியவர்கள். கிளாஸ்கோ மாணவர்கள் கேமராவைத் தொடுவதற்கு முன்பே, நம் சமூகம் செய்து கற்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

பிறகு தமிழுக்குத் திரையில் இடம் பெருகியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி 'வசந்தம் சென்ட்ரல்' தொடங்கியது. 2008 அக்டோபர் 19ஆம் தேதி வசந்தம் தனி ஒளிவழியானது. நிகழ்ச்சி நேரம் கூடியது. ஆட்களின் தேவையும் கூடியது. ஆனால் அந்த ஆட்களுக்கு முன்பயிற்சி எங்கே கிடைக்கிறது? வளாக ஊடகங்களின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் மாணவர் கேமராவை ஆங்கிலத்தில் கற்கிறார், பேட்டி எடுப்பதை ஆங்கிலத்தில் கற்கிறார், நேரக் கணக்கையும் ஆங்கிலத்தில் கற்கிறார். படித்து முடித்துத் தமிழ் நிகழ்ச்சிக்கு வந்த பிறகுதான், நேயர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தமிழில் கற்கத் தொடங்குகிறார்.

இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் அன்று. தொழில் ரீதியாக ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆங்கிலச் செய்தியை வாசிப்பவர் நிமிடத்துக்கு 150 சொற்களுக்குக் குறையாமல் வாசிப்பார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு வரும். தெளிவாக வாசித்தால் நூறை ஒட்டித்தான் நிற்கும். வினைச்சொல் கடைசியில் வருவதால், யார் என்ன செய்தார் என்பது வாக்கியம் முடிந்தால்தான் தெரியும். ஆங்கில வாக்கியத்துக்கு ஏற்ப வெட்டிய படம் தமிழ் வாக்கியத்துக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய கை முப்பது விநாடிக்கு எழுதும் தமிழ், நாற்பது விநாடி ஓடும். பிறகு என்ன ஆகும்? வேகமாக வாசிப்பார்கள், ழகரமும் ளகரமும் கலந்துபோகும். நேயர் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை" என்று குறைப்பட்டுக்கொள்வார். பிள்ளைக்குத் தமிழ் வரும். தமிழில் விநாடியை எண்ணிப் பழக அதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கைபேசி போதாதா?

"இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, 2005இல் யூடியூப் வந்துவிட்டது, நிலையம் எதற்கு?" என்று இளையர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1964இல் கிளாஸ்கோ மாணவர்களுக்குக் கனவாக இருந்த கருவியைவிட நல்ல கருவி இன்று உயர்நிலைப் பள்ளி மாணவரின் பையில் இருக்கிறது. ஆகவே கருவிக்காக நிலையம் தேவையில்லை.

ஆனால் தனியாகப் படம் எடுத்துப் போடுகிறவருக்கு "இது சரியா, யாரிடம் உறுதி செய்தாய்?" என்று கேட்க ஆள் இல்லை. நேரம் முடிந்தது என்று விரல் காட்ட ஆள் இல்லை. பிடிக்காத வேலையையும் முறைவைத்துச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாரும் கேமராவுக்கு முன்னால் நிற்கலாம். கேபிள் சுருட்ட யாரும் தேவையில்லை. நிலையத்தில் கேபிள் சுருட்டியவர்தான் அடுத்த ஆண்டு இயக்குநர் நாற்காலியில் உட்காருவார். அப்போது கேபிள் சுருட்டுகிறவரின் சிரமம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய கட்டடமும் கோடிக்கணக்கில் பணமும் அல்ல. நம் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தமிழ் அமைப்புகள் இருக்கின்றன. நாடகம் போடுகிறார்கள், விவாத மேடை நடத்துகிறார்கள், கூட்டமும் வருகிறது. அவர்கள் ஒன்றுசேர்ந்து வாரத்துக்கு ஒரு முறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில், 15 நிமிடத் தமிழ்ச் செய்தித் தொகுப்பு ஒன்றை இணையத்தில் நடத்தலாம். ஆசிரியர் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மாதத்துக்கு ஒரு முறை துறையில் இருக்கும் எங்களைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டுக் குறை நிறை கேட்கட்டும். தேர்வுக் காலத்திலும் நிறுத்தக்கூடாது. பிடித்தபோது செய்வது பொழுதுபோக்கு. வாரந்தோறும் வந்தால்தான் நிலையம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இரவு பத்து மணிக்கு மேல் வளாகத்தில் உட்கார்ந்து படம் வெட்டிக்கொண்டிருந்தால் படிப்பு கெடுகிறது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த நேரத்தில் அது நாலு பேரோடு சண்டை போட்டு, சமாதானமாகி, ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் முடிக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

உமறுப் புலவர் பள்ளியைக் கட்டியவர்கள் வசதி வந்த பிறகு கட்டவில்லை. தேவை இருந்தது, கட்டினார்கள். மாணவர் மணிமன்றத்துக்கு எழுதியவர்களும் எழுத்தாளரான பிறகு எழுதவில்லை; எழுதியதால் எழுத்தாளரானார்கள். இன்றைய மாணவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி, அவர்கள் தமிழில் தடுமாறி எழுவதற்கு ஓர் இடம் கொடுப்பது. அந்த 15 நிமிடத்தை எந்த வளாகம் முதலில் தொடங்கப் போகிறது என்று ஆவலோடு காத்திருக்கிறேன்.